இரண்டு மணிக்குப் பசிக்கட்டும்

ஸ்பெயினுக்குப் புறப்படும் தமிழ்ப் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்



விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்திருக்கும். பார்சிலோனாவின் சாக்ரதா ஃபமீலியாவுக்கும் கிரனாதாவின் அல்ஹாம்ப்ராவுக்கும் முன்பதிவு முடிந்திருக்கும். எதைப் பார்ப்பது என்பதில் உங்களுக்கு என் உதவி வேண்டியதில்லை. வலென்சியாவில் குடியிருக்கும் ஒருத்தியாக, இந்த நாட்டுக்காரர்களின் அன்றாடப் பழக்கவழக்கங்கள் சிலவற்றைச் சொல்லி, கூடவே ஒரு கோரிக்கையும் வைக்கத்தான் இதை எழுதுகிறேன். ஸ்பெயினில் இருக்கும் நாள்களில் ஸ்பெயினின் நேரப்படி வாழுங்கள். அது கைவந்துவிட்டால் மற்ற வழக்கங்கள் பாதி தாமாகவே பிடிபட்டுவிடும்.

இங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். இதைக் கேட்டதும் ‘சோம்பேறி நாடு’ என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒருமுறை வரைபடத்தைப் பார்க்க வேண்டும். வலென்சியா கிட்டத்தட்ட கிரீன்விச் கோட்டின் மேலேயே இருக்கிறது. மாட்ரிட் லண்டனுக்கும் மேற்கே கிடக்கிறது. கணக்குப்படி இங்கே லண்டன் நேரம்தான் ஓட வேண்டும். 1940 மார்ச்சில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. உலகப் போர் முடிந்தது, ஃபிராங்கோவும் போய்ச் சேர்ந்தார், கடிகாரத்தை யாரும் திருப்பி வைக்கவில்லை. கோடை வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடுகிறது. ஆக, ஜூலை மாதத்தில் வலென்சியாவில் சூரியன் உச்சத்துக்கு வருவது கடிகாரத்தில் இரண்டு மணி ஆகும்போதுதான். உச்சிவேளையில் சாப்பிடுகிறார்கள், அவ்வளவே. வடமேற்கு மூலையான கலீசியாவுக்குப் போனால் ஜூன் மாத இரவில் பத்து மணி தாண்டித்தான் பொழுது சாயும். கனேரித் தீவுகளில் மட்டும் நேரம் ஒரு மணி பின்தங்கியிருக்கும். அங்கே போகிறவர்கள் கைக்கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் ஒரு காபியும், தக்காளியை அரைத்துத் தடவி ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டியும். பத்து, பத்தரை வாக்கில் ‘அல்முவெர்சோ’ என்னும் இடைச்சாப்பாடு. வலென்சியாக்காரர்களுக்கு இது ஒரு சடங்கு மாதிரி. அலுவலகத்துக்காரரும் கொத்தனாரும் ஒரே பாரில் உட்கார்ந்து, முழ நீள ரொட்டிக்குள் முட்டை அடையோ இறைச்சியோ வைத்துச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் ஒரு தட்டு ஆலிவ் காய், ஒரு தட்டு வேர்க்கடலை. முடிவில் ‘க்ரெமாயெட்’ என்று ரம்மைக் கொளுத்திக் காய்ச்சிய குட்டிக் காபி. இரண்டு மணிக்குப் பெருஞ்சாப்பாடு. ஐந்து, ஆறு மணிக்குக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு சிற்றுண்டி. ஒன்பது, பத்து மணிக்கு லேசான இரவுணவு.

இதில் உங்களைப் பட்டினி போடக்கூடியது நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம். அப்போது பெரும்பாலான உணவகங்களின் சமையலறை மூடியிருக்கும். ஏழு மணிக்கே ‘டின்னர்’ என்று கதவைத் தட்டினால் திறப்பது சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடத்தப்படும் கடைகள்தான். அங்கே படம் போட்ட மெனு இருக்கும், விலை கூட இருக்கும், ருசி குறைவாக இருக்கும். சிறு ஊர்களில் கடைகளும் இரண்டு முதல் ஐந்து வரை அடைத்துவிடுவார்கள். உள்ளே எல்லோரும் சியெஸ்தா என்னும் பகல்தூக்கம் போடுவதாக நினைக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். தூங்குவது ஓய்வுபெற்ற பெரியவர்களும் விடுமுறையில் இருப்பவர்களும்தான். ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களில் கடையே திறக்காது. ஆகஸ்டில் குடும்பமாக நடத்தும் பார்கள் ‘விடுமுறை’ என்று சீட்டு ஒட்டிவிட்டு ஒரு மாதம் காணாமல் போகும்.

ஒரே ஒரு நாளாவது மதியம் ‘மெனு தெல் தீயா’ சாப்பிடுங்கள். பாரின் வாசலில் கரும்பலகையில் எழுதியிருக்கும். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. 1960-களில் சுற்றுலாப் பயணிகளுக்காக அரசு, உணவகங்களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்றைக்கு அதைச் சாப்பிடுகிறவர்கள் அக்கம்பக்கத்து வேலையாட்கள். வெளியாருக்காகத் தொடங்கியதை ஊர்க்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். வெளியார்தான் அதை மறந்துவிட்டுப் பர்கர் தேடுகிறார்கள்.

சாப்பிட்டு முடித்த பின் பில் வராது. அரை மணி உட்கார்ந்தாலும் வராது. நம் ஆட்களில் பலர் ‘நம்மைக் கவனிக்கவே இல்லை’ என்று முகம் சிவப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைத்தால் ‘எழுந்து போ’ என்று சொல்வதாக ஆகிவிடும், அதனால்தான் வைப்பதில்லை. சாப்பாடு முடிந்தும் மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு ‘சோப்ரெமேசா’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அது மாலை ஆறு வரைகூட நீளும். புறப்பட வேண்டுமென்றால் கண்ணைப் பார்த்து, ‘லா குவெந்தா, போர் ஃபவோர்’ என்று நீங்களே கேளுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. திருப்தியாக இருந்தால் சில நாணயங்களை விட்டுவிட்டு வரலாம். தண்ணீருக்குக் காசு கொடுத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022-இல் சட்டமே வந்துவிட்டது. ‘ஆகுவா தெல் க்ரிஃபோ’ என்று கேளுங்கள்.

பாயெயா பற்றிச் சொல்லாவிட்டால் வலென்சியாவில் என்னைக் குடியிருக்க விடமாட்டார்கள். நம்மூர்ப் பிரியாணிபோல ஆளுக்கொரு இலக்கணம் பேசக்கூடிய சோறு அது. இந்த ஊர்ப் பாயெயாவில் கோழி, முயல், பட்டையான பச்சைப் பீன்ஸ், வெண்மொச்சை, குங்குமப்பூ இருக்கும், மீன் இருக்காது. பிரிட்டன் சமையல்காரர் ஜேமி ஆலிவர் 2016-இல் அதில் சொரிசோ என்னும் மிளகாய்த்தூள் தொத்திறைச்சியைச் சேர்த்து ஒரு செய்முறை வெளியிட்டதற்கு இங்கே பட்ட வசவு கொஞ்சமல்ல. பாயெயா மதியச் சாப்பாடு. இரவு பத்து மணிக்கு அதைக் கேட்டால் உறையவைத்ததைச் சூடு பண்ணித் தருவார்கள். வீட்டில் சமைத்தால் பெரிய தட்டையான சட்டியை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, மரக்கரண்டியால் அவரவருக்கு நேரே இருக்கும் பங்கை மட்டும் சாப்பிடுவார்கள். பக்கத்தவர் எல்லைக்குள் கரண்டி போகக் கூடாது. அடிப்பிடித்த சோற்றுக்குச் ‘சோக்கராட்’ என்று பெயர். அதற்குப் போட்டி நடக்கும்.

சைவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘வெஹெதாரியானோ’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு ஹமோன் என்னும் உப்புப்போட்ட பன்றித்தொடை, இறைச்சிக் கணக்கிலேயே சேராது. ‘எங்கே போனாலும் காய்கறி சாலட் கிடைக்கும்’ என்று நம்பிப் போனால் அதன் மேல் சூரை மீனைத் தூவித் தருவார்கள். பருப்புக் குழம்பில் தொத்திறைச்சி மிதக்கும். தக்காளியையும் ரொட்டியையும் அரைத்துச் செய்யும் கோர்தோபாவின் சல்மொரேஹோவில்கூட மேலே ஹமோன் துருவல் இருக்கும். ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், ஹமோன் வேண்டாம். குளிர்ந்த தக்காளிச் சாறான காஸ்பாச்சோ, சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் கலந்த காத்தலோனியாவின் எஸ்கலிவாதா, செவீயாவின் பசலைக்கீரை கொண்டைக்கடலை, கலீசியாவின் பாத்ரோன் மிளகாய் வறுவல் ஆகியவற்றை நம்பிச் சாப்பிடலாம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு தோர்த்தியா என்னும் உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் உண்டு. காரத்துக்கு ஆசைப்படாதீர்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாயை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான், ஆனால் காரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். வலென்சியா வந்தால் ‘ஓர்சாட்டா’ குடியுங்கள். கோரைப்புல் இனத்துக் கிழங்கை ஊறவைத்து அரைத்து வடிகட்டிய, பால் சேராத பால் அது.

தபாஸ் என்னும் சிறுதட்டுப் பண்டங்களில் ஊருக்கு ஒரு முறை. கிரனாதாவிலும் லேயோனிலும் ஒரு பானம் வாங்கினால் ஒரு சிறுதட்டு இலவசமாக வரும். பாஸ்க் நாட்டுச் சான் செபாஸ்தியானில் கவுண்டரில் அடுக்கியிருப்பதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் சேர்ந்த பல்குச்சிகளைக் காட்டிக் கணக்கு முடிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அங்கே யாரும் உங்களைக் கண்காணிக்க மாட்டார்கள். அந்த நம்பிக்கைக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் சேர்ந்து போனால் ஒரு சுற்றுக்கு ஒருவர், அடுத்த சுற்றுக்கு இன்னொருவர் எனப் பணம் கொடுப்பார்கள். பிறந்தநாள் கொண்டாடுகிறவர்தான் அன்று செலவு செய்ய வேண்டும் என்பது இங்கத்திய வழக்கம்.

இனி, வாய்ச்சொல். கடைக்குள் நுழைந்தால், லிஃப்டில் ஏறினால், மருத்துவமனையில் காத்திருக்கும் அறைக்குள் போனால் வணக்கம் சொல்லியாக வேண்டும். ‘ஓலா’ போதும், ‘புவெனாஸ்’ இன்னும் நல்லது. வெளியேறும்போது மறுபடி சந்திக்கப் போவதேயில்லை என்று தெரிந்த அந்நியர்களிடமும் ‘ஆஸ்தா லுவேகோ’, பிறகு பார்க்கலாம், என்பார்கள். பாரில் அடுத்த மேசையைக் கடக்கும்போது ‘கே அப்ரோவெச்சே’ என்று வாழ்த்துவோரும் உண்டு. நன்றாகச் சாப்பிடுங்கள் என்று பொருள். ‘ப்ளீஸ்’, ‘தேங்க்ஸ்’ என்று வாக்கியத்துக்கு ஒருமுறை சொல்லும் ஆங்கில வழக்கத்தை இவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வணக்கம் சொல்லாமல் நேரே ‘ஒரு காபி’ என்பது மட்டும் இவர்களுக்கு உறுத்தும். அறிமுகம் செய்துவைத்தால் இரு கன்னங்களிலும் கன்னம் வைத்து முத்தமிடுவார்கள்; ஆணும் ஆணும் கை குலுக்குவார்கள். சங்கடமாக இருந்தால் முந்திக்கொண்டு கையை நீட்டிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பார்சிலோனாவில் ‘போன் தியா’, பாஸ்க் நாட்டில் ‘கைஷோ’ என்று அவரவர் மொழியில் ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள். காத்தலான், பாஸ்க், கலீசிய மொழிகள் ஃபிராங்கோவின் காலத்தில் பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் விரட்டப்பட்டவை. இன்றைக்கு அவை அந்தந்தப் பகுதிகளின் ஆட்சிமொழிகள். மொழிக்காகப் போராடிய ஊரிலிருந்து வருகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சந்தைக்குப் போனால் வரிசை கண்ணுக்குத் தெரியாது. 1928-இல் திறந்த வலென்சியாவின் மெர்காதோ சென்த்ராலில் பழக்கடை முன்னால் பத்துப் பேர் ஆளுக்கொரு திசையில் நிற்பார்கள். குழப்பமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் முறை தெரியும். போனவுடன் ‘எல் உல்திமோ?’ என்று கேளுங்கள்: கடைசி ஆள் யார்? ஒருவர் கை தூக்குவார். அவருக்குப் பின்னால் நீங்கள். அடுத்து வருகிறவர் கேட்கும்போது நீங்கள் கை தூக்க வேண்டும். தக்காளியை அமுக்கிப் பார்க்காதீர்கள், கடைக்காரரே எடுத்துத் தருவார். இன்றைக்குச் சமைக்கவா, நாளைக்கா என்று கேட்டு அதற்கேற்ற பதத்தில் பொறுக்கித் தருவார்.

வியாழக்கிழமை வலென்சியாவில் இருந்தால், பகல் பன்னிரண்டு மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போய்விடுங்கள். கறுப்பு அங்கி அணிந்த எட்டு விவசாயப் பிரதிநிதிகள் வட்டமாக உட்காருவார்கள். எட்டு வாய்க்கால்களுக்கும் ஒவ்வொருவர். வாய்க்கால் பெயரைச் சொல்லி, வழக்கு உண்டா என்று கூவுவார்கள். வழக்கு இருந்தால் வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்பு. பல நூற்றாண்டுகளாக நடக்கும் இந்தத் தண்ணீர் மன்றத்தை 2009-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. பெரும்பாலான வாரங்களில் வழக்கே இருக்காது, சில நிமிடங்களில் கலைந்துவிடுவார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராமல் சண்டை போட்ட குடும்பத்தில் பிறந்தவர்கள் அந்தச் சில நிமிடங்களின் மதிப்பை அறிவார்கள்.

ஹோட்டலில் பதிவு செய்யும்போது ‘இரண்டாவது குடும்பப்பெயர் என்ன?’ என்று கேட்டால் திகைக்காதீர்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என இரண்டு குடும்பப்பெயர்கள். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. இனிஷியலோடு வாழும் நமக்கு ஒன்றுகூடக் கிடையாது என்பதை விளக்கப் புகாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லிவிடுங்கள்.

பண்டிகைக் காலத்தில் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் செவீயா, மாலகா தெருக்களில் கூம்புத் தலைமூடி அணிந்தவர்களைக் கண்டு அமெரிக்க இனவெறிக் கும்பலை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இருக்கும் தவக்கோலம் இது. பாவம் செய்தவர் யாரென்று ஊருக்குத் தெரியாமலிருக்க முகத்தை மூடிக்கொள்கிறார்கள். ஊர்வலத்தின் குறுக்கே நடக்காதீர்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள். மார்ச்சில் வலென்சியாவின் ஃபாயாஸ் விழா. மாதம் முதல் தேதியிலிருந்து தினமும் பகல் இரண்டு மணிக்கு நகரமன்றச் சதுக்கத்தில் அதிர்வேட்டு முழங்கும். வாயைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், காது தப்பிக்கும். 19-ஆம் தேதி இரவில், ஆண்டு முழுவதும் உழைத்துக் கட்டிய பெரும் பொம்மைகளை அவர்களே கொளுத்திவிடுவார்கள். டிசம்பர் 31-இல் நள்ளிரவு மணியோசைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சைகளை விழுங்க வேண்டும். முதலில் அடிக்கும் நாலு இரட்டை மணிகள் எச்சரிக்கை மட்டுமே, அப்போதே தின்னத் தொடங்கிவிடாதீர்கள். குழந்தைகளுக்குப் பரிசு வருவது கிறிஸ்துமஸைவிட ஜனவரி 6-இல்தான்; கொண்டுவருகிறவர்கள் குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்கள். அன்று வெட்டும் வளைய ரொட்டிக்குள் அவரைக்கொட்டை யாருக்கு வாய்க்கிறதோ அவர்தான் ரொட்டிக்குக் காசு கொடுக்க வேண்டும்.

இவ்வளவு சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2024-இல் இந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 9.4 கோடிப் பேர். நாட்டின் மக்கள்தொகை 4.9 கோடிதான். அந்த ஆண்டு ஏப்ரலில் கனேரித் தீவுகளில் சுற்றுலா நெரிசலை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். ஜூலையில் பார்சிலோனாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயணிகள் மேல் போராட்டக்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். அதைச் செய்த விதம் சரியா என்பது வேறு விஷயம். கோபத்தின் வேர் வீட்டு வாடகையில் இருக்கிறது. குடியிருப்பு வீடுகள் பயணிகள் தங்கும் வீடுகளாக மாற மாற, அங்கேயே பிறந்தவர்களுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028-க்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று பார்சிலோனா நகராட்சி அறிவித்திருக்கிறது.

இந்தக் கணக்கை ஒரு பயணியால் மாற்ற முடியாது. ஆனால் எங்கே தங்குகிறீர்கள், எங்கே சாப்பிடுகிறீர்கள், எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் வாடகைக்குத் தங்குவதைவிட ஹோட்டலில் தங்குங்கள். வீட்டில்தான் தங்கியாக வேண்டுமென்றால் நள்ளிரவில் மாடிப்படியில் பெட்டியை உருட்டாதீர்கள். பாரில் இவர்கள் உரக்கப் பேசுவார்கள், ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்குவார், அங்கே அது இயல்பு. அதே ஆட்கள் மாடிப்படியில் குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கவனித்துப் பாருங்கள். கடற்கரை உடையோடு தெருவில் நடக்காதீர்கள். பார்சிலோனா உள்ளிட்ட சில ஊர்களில் அதற்கு அபராதம் உண்டு.

கடைசியாக, பயண முகவரிடம் இன்றே ஒரு மாற்றம் கேளுங்கள். திட்டத்தில் ‘மாலை 7 மணி, இந்திய உணவகத்தில் இரவுணவு’ என்று இருக்கும் வரிகளில் ஒன்றையாவது அடிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஒரு நாள் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை எதுவும் வைக்காமல் விடச் சொல்லுங்கள். அன்று பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நாலு தெரு தள்ளி நடந்து, கரும்பலகை மாட்டிய, படம் போட்ட மெனு இல்லாத ஒரு பாரைத் தேடிப் பிடியுங்கள். பெருங்கூட்டமாகப் போகாமல் நாலு பேராகப் பிரிந்து போங்கள். உள்ளே நுழையும்போது வணக்கம் சொல்லுங்கள். அவர்கள் கொடுப்பதை அவர்கள் வேகத்தில் சாப்பிடுங்கள். பில்லுக்கு அவசரப்படாதீர்கள். ஊர்க்காரரின் கடைக்கு உங்கள் பணம் நேரே போய்ச் சேரும். உங்களுக்கும், எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் விற்காத இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
வலென்சியாவிலிருந்து ஒரு தமிழச்சி